நர்சம்மாவின் கையெழுத்து

எங்கள் சாலையில் அவர் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேர் மனதில் நிற்காது என்பார். நின்றதெல்லாம் வியாதிதான். மளிகைக் கடைக்காரர் குடலிறக்கம். அவர் மனைவி ரெட்டைப் பிரசவம். விசைத்தறிப் பட்டறை முதலாளி மூலம். பட்டறை ஆட்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "ஏனுங் மூலம், இப்பத் தேவலைங்களா?" என்று சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். பாவம், அந்த மனிதர் அவருடைய குடையைக் கண்டாலே தறிகளுக்கு நடுவில் போய் மறைந்துகொள்வார்.

நாங்கள் அவரை நர்சம்மா என்றோம். எங்களுக்கும் அவருடைய பேர் தேவைப்படவில்லை.

நான் கோணூசி. சேந்தமங்கலத்திலிருந்து வந்து, ஆட்டையாம்பட்டிக்கு அந்தப் பக்கம் லாரிகள் நின்று போகும் இந்தச் சாலையில் தார்ப்பாய் தைக்கும் கடை போட்ட புதிதில், கோணி ஊசி என் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் வந்தார். வெளுத்த பருத்திப் புடவை, மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம், கிட்டே வந்ததும் ஸ்பிரிட் வாசனை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க பாருங்க, தார்ப்பாய் பறந்து போவுது" என்றார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஊசியை உருவிவிட்டார். கட்டுப் போட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் டி.டி. ஊசியும் போட்டார். சட்டைப் பைக்குள் கையை விட்டேன். "அடுப்புல பால் இருக்குது, வாரேன்" என்று சமையலறைக்குள் போனவர் திரும்பி வரவே இல்லை. நானாக எழுந்து வந்தேன். அன்றிலிருந்து என் பேர் கோணூசி. பில் புத்தகத்தில்கூட அப்படியே அச்சடித்துக்கொள்ளலாமா என்று யோசித்ததுண்டு.

அவர் அரசு மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். சேலம் டவுனில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, வேலை மாற்றலில் இந்தப் பக்கம் வந்து, எங்களைவிட நன்றாக எங்கள் பேச்சைப் பேசக் கற்றுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. மகள் அஸ்தம்பட்டியில் இருக்கிறாள். அங்கே வந்து இருக்கச் சொல்லி அவள் கூப்பிடாத மாதமில்லை. கிறிஸ்துமஸுக்குப் போவார், கேக்கோடு மறுநாளே திரும்பிவிடுவார். கேட்டால், "அங்க எல்லாரும் தெம்பா இருக்காங்க சாமி. நான் போயி என்ன பண்ணட்டும்?" என்பார்.

இங்கே யாரும் தெம்பாக இல்லை. அதற்கு முக்கியமான காரணம் அவர் வீட்டுக்கு நேர் எதிரே, என் கடைக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தது. மனமகிழ் மன்றம் என்று போர்டு. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிக் கேரம் ஆடவும் சீட்டாடவும் ஏற்பட்ட சங்கம் அது என்று காகிதத்தில் இருக்கும். உறுப்பினர்களுக்கு மட்டும், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், உள்ளே உட்கார்ந்து குடிப்பதற்கு மட்டும் உரிமம். நிஜத்தில் பக்கவாட்டுச் சந்தில் ஒரு ஜன்னல் இருந்தது. பொழுது விடிந்து பால்காரர் வரும்போதே அந்த ஜன்னலும் திறக்கும். தறி ஓட்டி இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர், லோடு இறக்க வந்தவர், வடக்கே போகிற லாரிக்காரர் எல்லாரும் கையை நீட்டினால் பாட்டில் வரும். அந்தச் சந்துதான் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற வழி. பிள்ளைகள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒருத்தி பின்னால் ஒருத்தியாகச் சுவரை ஒட்டி நடப்பார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டு ஏரிக்கரை மேல் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். மழைக்காலத்தில் அந்தக் கரையில் ஆடு நடக்காது.

மன்றத்து முதலாளியை நர்சம்மா நாய்க்கடி என்பார். சின்ன வயதில் தெருநாய் கடித்து, அந்தக் காலத்து வழக்கப்படி தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். போட்டது நர்சம்மாதான். இப்போது அவருக்குப் போர் போடும் ரிக் லாரிகள் உண்டு, வெள்ளைக் கார் உண்டு, எந்தக் கட்சி வந்தாலும் அதற்கேற்ற கரை வேட்டி உண்டு. போலீஸ்காரர் அவருக்குச் சல்யூட் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் காரிலிருந்து கால் வைக்கும்போது எதிர்வீட்டு வாசலிலிருந்து, "ஏனுங் நாய்க்கடி, வயிறு பெருத்துப் போச்சுங்களே!" என்று சத்தம் வரும். அவர் தன்னையறியாமல் தொப்புள்மேல் கையை வைத்துக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

முதல் ரெய்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலை வேளை. கலால் தாசில்தாரின் ஜீப் சந்துக்குள் திரும்பியதும் ஜன்னல் சாத்திக்கொண்டது. அதோடு எங்கள் சாலையில் இருந்த ஷட்டர்களும் ஒவ்வொன்றாக இறங்கின. ஜீப்பைக் கண்டு பயப்பட எங்களுக்கு ஒன்றுமில்லை. சாட்சிக்குத்தான் பயம். பாட்டில்களைக் கைப்பற்றி மகஜர் எழுதினால், பார்த்த ஆட்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவராகக் கிராம உதவியாளரை வைத்துக்கொள்வார்கள். இன்னொருவர் உள்ளூர் ஆளாக இருக்க வேண்டும். நாய்க்கடிக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்தச் சாலையில் யார் கடை நடத்துவது? குடலிறக்கம் குளிக்கப் போய்விட்டார். மூலம் வழக்கமான இடத்தில் மறைந்தார். நான் தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாய் பெரிசு. அதற்கு அடியில் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம்.

அடியிலிருந்து பார்த்தேன். கேட்டைத் திறந்துகொண்டு நர்சம்மா வந்தார், வெயில் இல்லாவிட்டாலும் குடையோடு. "சாட்சி வேணுங்களா? வாரேனுங்க" என்று நேரே உள்ளே போய், பாட்டில்களை எடுத்து முடிக்கிறவரை நின்று பார்த்தார். உள்ளே நடந்ததை மகஜர் எழுதிய கிளார்க் பிறகு எனக்குச் சொன்னார்.

சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற ஜாதியா அவர்? மகஜரைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, முதல் எழுத்திலிருந்து படித்தார். தாசில்தாருக்குப் பொறுமை போயிற்று.

"அம்மா, கடைசியில போட்டாப் போதும்."

"நடந்தது எழுதியிருக்குதான்னு பார்க்கோணுமல்லங்க? இதென்ன, மன்றத்து ஆள் உங்களை அடிச்சாருன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா, தகராறு பண்ணினான்."

"திட்டுனான். நெம்பக் கெட்ட வார்த்தையிலதான் திட்டுனான். ஆனா கை வைக்கலைங்க. நடந்துதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

தாசில்தார் அடித்தார். அடித்ததாக எழுதியதை அடித்தார். மன்றத்துப் பையன் வாயைப் பிளந்துகொண்டு நர்சம்மாவைப் பார்த்தான். தனக்காகப் பேசுகிறாரா எதிராகப் பேசுகிறாரா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் நர்சம்மா சுவர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

"அதை எழுதலீங்களே."

சுவரில் ஒரு கேரம் போர்டு சாய்ந்திருந்தது. ஒரு மூலையை எலி கடித்திருந்தது. காய்கள் இல்லை. உள்ளே எங்கே தேடினாலும் ஒரு காய்கூட இல்லை.

"அதெதுக்கம்மா?"

"வெளையாடற எடம்னுதானுங்களே உரிமம் குடுத்தீங்க? வெளையாடக் காயில்லைன்னு எழுதுங்க. எலி கடிச்சதையும் எழுதுங்க. இருக்குதல்ல?"

எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து என் தார்ப்பாயைக் குடை நுனியால் ஒரு தட்டுத் தட்டி, "கோணூசி, மூச்சு முட்டும், வெளிய வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அபராதம் விதித்தார்கள். நாய்க்கடி அன்று சாயங்காலமே கட்டினார். அவருக்கு அது கரண்ட் பில் மாதிரி. அடுத்த வாரம் ஒரு பூவின் பேரில் இருந்த போர்டைக் கழற்றிவிட்டு ஒரு நதியின் பேரில் போர்டு மாட்டினார்கள். ஜன்னல் பழையபடி விடிகாலையில் திறந்தது.

இந்தப் போர்டு மாற்றும் வித்தை எனக்கு முதலில் விளங்கவில்லை. அதே கிளார்க் ஒரு நாள் என் கடையில் டீ குடித்தபோது சொன்னார். ஒரு தடவை விதியை மீறினால் அபராதம். மறுபடி செய்தால் பெரிய அபராதம், கொஞ்ச நாள் பூட்டு. திரும்பத் திரும்பச் செய்தால் உரிமமே ரத்து. அப்புறம் அந்த ஆள் அந்தத் தொழில் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. ஆனால் திரும்பத் திரும்பச் செய்ய ஒரே ஆளாக இருக்க வேண்டுமே. இங்கே பூவுக்குச் செயலாளர் தம்பி. நதிக்குச் செயலாளர் மச்சான். அது வேறு சங்கம், இது வேறு சங்கம். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை.

"அப்ப எத்தனை நாளைக்கு இது முதல் தடவையாவே இருக்கும்?" என்று கேட்டேன்.

"சொந்தக்காரங்க தீருற வரைக்கும்" என்றார் கிளார்க். நாய்க்கடிக்கு அங்காளி பங்காளி ஏராளம்.

நான் இதை நர்சம்மாவிடம் சொன்னேன். அவர் அப்போது ஒரு லோடுமேன் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவன் ஜன்னலில் வாங்கிக் குடித்துவிட்டு அவருடைய கேட்டிலேயே முட்டி விழுந்தவன். இது தினப்படி. நெற்றி பிளந்தவன், வாந்தி எடுத்துத் துவண்டவன், கண்ணாடி குத்தியவன் என்று மன்றத்தின் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அடுத்தபடியாக எதிர்வீட்டுக்கு வருவார்கள். பஞ்சு, மருந்து, சலைன் பாட்டில் எல்லாம் அவருடைய பென்ஷனில் வாங்கியவை. கட்டை இறுக்கி முடிந்துகொண்டே சொன்னார்:

"பேரை மாத்துனா காய்ச்சல் எறங்கிடுங்களா? மலேரியாவை டைபாய்டுன்னு எழுதுனா ஆளு பொழைச்சுருவானா?"

நதிக்கும் ரெய்டு வந்தது. நர்சம்மா போனார், படித்தார், எலி கடித்த கேரம் போர்டை எழுதச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். நதி போய் யாரோ தாத்தா நினைவாக ஒரு மன்றம் வந்தது. அதற்கும் போனார். "ஒரே போர்டைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்றீங்களேம்மா" என்று கிளார்க் அலுத்துக்கொண்டார். "ஒரே போர்டா இருக்குதே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் இவர்.

தாத்தாவுக்குப் பிறகு நாய்க்கடியே நேரில் வந்தார். பழத்தட்டோடு வந்து வாசலில் நின்றார். நான் அப்போது நர்சம்மா வீட்டு ஓட்டு ஒழுகலுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு மேலே இருந்தேன்.

"அம்மா, நான் உங்க கையில வளந்த பையன். எதுக்குங்க இந்த வெரோதம்? நாளைக்கு வயசான காலத்துல ஒண்ணுன்னா நாந்தானுங்க வந்து நிக்கோணும்."

"எனக்கு உங்க மேல வெரோதமே இல்லைங்க. சந்து ஜன்னலை மூடுங்க, பிள்ளைக அந்த வழியில போகட்டும். நாளைக்கே உங்க ஊட்டுக்கு வந்து காப்பி குடிக்கிறேன்."

"எல்லாரும் பண்றதுதானுங்களே."

"எல்லாருக்கும் வந்தா அதுக்குப் பேரு தொத்துநோய்ங்க. தடுப்பூசி போடோணும்."

அவர் முகம் மாறியது. பழத்தட்டைக் கீழே வைக்காமல் எடுத்துக்கொண்டு போனார். பிறகு அந்த வீட்டு வாசலில் உடைந்த பாட்டில்கள் விழ ஆரம்பித்தன. கார்ப்பரேஷன் இல்லாத ஊரில் தினமும் காலையில் கண்ணாடி பெருக்குகிற வேலை நர்சம்மாவுக்கு வந்தது. பெருக்குவார், வாளியில் அள்ளுவார், தூக்கிக்கொண்டு போய் மன்றத்து முன்வாசலில் ஓரமாகக் கொட்டிவிட்டு, "உங்களுதுங்க" என்பார்.

பிறகு ஒரு நாள் அவர் வீட்டு முன்னாலேயே ஜீப் வந்து நின்றது. கலால் ஜீப் இல்லை. சுகாதாரத் துறை. பதிவு இல்லாமல் வீட்டில் மருத்துவமனை நடத்துகிறார், ஊசி போடுகிறார் என்று மொட்டை மனு போயிருந்தது. எத்தனையோ காலமாகக் கலால் துறைக்கு நாங்கள் பேர் போடாமல் அனுப்பிய மனுக்கள் எல்லாம் ஆடி அசைந்து போய்ச் சேர, இந்த ஒரு மனு மட்டும் பறந்து போய்ச் சேர்ந்துவிட்டது.

அலமாரியைத் திறந்தார்கள். ஊசி மருந்து, சிரிஞ்சு, சலைன் பாட்டில், மாட்டுகிற கம்பி எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினார்கள். நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"சார், எதிர்க்க குடிச்சுப்போட்டு இங்க வந்து விழறானுகளே, அவனுகளுக்குத்தானுங்க இந்தப் பஞ்சும் பாட்டிலும்! மொதல்ல அங்க போங்க சார்!"

"கோணூசி, சித்த சும்மா இரு" என்றார் நர்சம்மா. அதிகாரியிடம் திரும்பி, "எழுதுங்க. இன்னும் பீரோவுக்கு மேல ஒரு பெட்டி இருக்குது, அதையும் எடுத்துக்கோங்க" என்றார்.

மகஜர் எழுதி முடித்து அதிகாரி சாட்சிக்கு ஆள் தேடினார். அன்றைக்கு மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. கலால் ஜீப்பைக் கண்டால் சுவர் ஏறிக் குதிக்கிற மன்றத்துப் பையன்கள் அன்று வரிசையாகக் கேட்டில் நின்று, "நாங்க போடறோமுங்க" என்று இளித்தார்கள்.

"இவனுக வேண்டாமுங்க" என்றார் நர்சம்மா. "இவனுக ஒண்ணையும் பார்க்கலை. பார்க்காம போடற கையெழுத்து எதுக்குங்க? பார்த்தவன் இவன்." என்னைக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் மாட்டேன்" என்றேன்.

"நான் ஊசி போட்டனா இல்லையா?"

"நர்சம்மா..."

"உனக்கே போட்டனா இல்லையா?"

"போட்டீங்க."

"போன வாரம் அந்தத் தறிக்காரனுக்குப் பாட்டில் மாட்டுனனே, நீதான கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நின்ன?"

"ஆமாங்க."

"நடந்துதல்ல? அப்பப் போடு."

போட்டேன். கோணி ஊசி ஏறியபோது வராத கண்ணீர் அன்றைக்கு வந்தது. அவர் பக்கத்தில் நின்று, தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "முழுக்கப் படிச்சியா? படிக்காம போடாதே" என்று அதட்டினார். அந்தக் கண்ணாடியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அபராதத்தை மறுநாளே கட்டிவிட்டு வந்தார். காலி அலமாரியில் புடவைகளை அடுக்கினார். அதற்குப் பிறகு அவர் ஊசியைத் தொடவில்லை. ஊரில் எவ்வளவோ பேர் கெஞ்சிப் பார்த்தார்கள். யாருக்கும் தெரியாமல் போடலாமே என்றார்கள். மூலம்கூட வெட்கத்தை விட்டு வந்து கேட்டார். "எனக்குச் சட்டம் ஒருக்காச் சொன்னாப் போதுமுங்க" என்பார். தினமும் காலையில் இன்சுலினுக்கு வருகிற ஒரு கிழவர், அவரைச் சர்க்கரை என்பார் நர்சம்மா, வழக்கம்போல வந்து கேட்டில் நின்றார். நர்சம்மா கேட்டுக்கு இந்தப் பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கிழவருக்குத் தானே போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுல. தோலைக் கிள்ளிப் பிடியுங்க. பயந்துக்காதீங்க சாமி, நான் இங்கதான இருக்கறேன்." கிழவரின் கை ஆடும். நர்சம்மாவின் கை தன்னால் கேட்டுக்கு வெளியே நீளும், பிறகு தானாகவே உள்ளே போய்விடும். ஊசி போடாமல் இருந்தது அவருக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நாய்க்கடி ஜெயித்துவிட்டதாக நினைத்தார். தாத்தாவையும் கழற்றிவிட்டு ஒரு சாமியின் பேரில் நாலாவது போர்டு மாட்டினார். அடுத்த ரெய்டுக்கு நர்சம்மா வரமாட்டார் என்று பையன்கள் பந்தயம் கட்டினார்கள். குடையோடு வந்தார். கலால் தாசில்தாராக ஒரு பெண் புதிதாக வந்திருந்தார். கேரம் போர்டை எழுதச் சொன்னதும் அந்த அம்மாள் அலுத்துக்கொள்ளவில்லை. "ஏன் இதை எழுதச் சொல்றீங்க?" என்று உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டுப் பழைய மகஜர்களைத் தேடி எடுக்கச் சொன்னார்.

விசாரணை கலெக்டர் அலுவலகத்தில் நடந்தது. நர்சம்மாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனவன் நான். தேவாலயத்துக்குப் போகிற நல்ல புடவையைக் கட்டியிருந்தார். நாய்க்கடியின் வக்கீல் நன்றாகப் பேசினார். இவை தனித்தனிச் சங்கங்கள், தனித்தனிப் பதிவு, தனித்தனிச் செயலாளர்கள். ஒவ்வொருவருக்கும் இது முதல் தவறு. அபராதத்தோடு விட வேண்டும். உரிமத்தை ரத்து செய்யச் சட்டத்தில் இடமில்லை.

விசாரணை அதிகாரி நர்சம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்த நாலு மன்றத்துலயும் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானா?"

"நாலு மன்றமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பேரு எனக்கு மனசுல நிக்காது. எதிர்த்த கட்டடம் ஒண்ணுதானுங்க. உள்ள போனா வலதுகைப் பக்கம் மேஜை. மேஜைக்குப் பின்னால இவரு." விரலை நீட்டினார். "நாய்க்கடி."

அறையில் யாரோ சிரித்தார்கள். நாய்க்கடியின் கை தொப்புளுக்குப் போனது.

"போர்டை மாத்துனாங்க, செயலாளரை மாத்துனாங்க, அவசரத்துல கேரம் போர்டை மாத்த மறந்துட்டாங்க. படிச்சுப் பாருங்க, நாலுலயும் எலி கடிச்சிருக்கும்."

பெண் தாசில்தார் மகஜர்களை வரிசையாக வைத்து, அந்த ஒரு வரியை மட்டும் ஒவ்வொன்றிலும் படித்தார். காய்கள் இல்லாத கேரம் போர்டு ஒன்று, ஒரு மூலை எலியால் கடிக்கப்பட்டது. பூவிலும் அதே எலி. நதியிலும் அதே எலி. தாத்தாவிலும் அதே எலி. சாமியிலும் அதே எலி. வக்கீல் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு கடைசியாக வைத்திருந்ததை எடுத்து வீசினார்.

"இந்த அம்மா பெரிய யோக்கியம் மாதிரி பேசறாங்க. அனுமதி இல்லாம வீட்டுல ஆஸ்பத்திரி நடத்தி இவங்களே அபராதம் கட்டியிருக்காங்க. சட்டத்தை மீறினவங்க சாட்சி எப்படிச் செல்லும்?"

நர்சம்மா தலையை நிமிர்த்தி வக்கீலைப் பார்த்தார். குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை.

"ஆமாங்க, கட்டுனேன். தப்புதானுங்க. ஒருக்கா. அதுக்கப்பறம் நான் ஊசியைத் தொடலை, எங்க ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. இவரையும் கேளுங்க. ஒருக்கா அபராதம் கட்டுன பொறவு இவரு எத்தனை நாளு ஜன்னலைச் சாத்தி வெச்சிருந்தாருன்னு."

அதிகாரி நாய்க்கடியைப் பார்த்தார். அவர் வக்கீலைப் பார்த்தார்.

சென்னையிலிருந்து உத்தரவு வரக் கொஞ்ச காலம் பிடித்தது. வந்தது. உரிமம் ரத்து. முன்கதவுக்கும் சந்து ஜன்னலுக்கும் சேர்த்து அரக்கு சீல் வைத்தார்கள். பிள்ளைகள் ஏரிக்கரையை விட்டுச் சந்துக்குத் திரும்பினார்கள். முதல் நாள் கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். நர்சம்மா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "ஏய் வாய்ப்புண், மெதுவாப் போ! ஏய் சொறிசிரங்கு, ரிப்பன் அவுந்து கெடக்குது!" என்று ஒவ்வொருத்தியாக மானத்தை வாங்கினார்.

போன வருடம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் சேலத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். கல்லறைத் தோட்டத்தில் எங்கள் சாலையே நின்றது. மூலம் எல்லார் முன்னாலும் அழுதார். நாய்க்கடியும் வந்தார். பெரிய ரோஜா மாலையைப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் நெடுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த அழுகை பொய்யில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அதே மாதத்தில் எங்கள் சாலை பைபாஸில் ஏறும் இடத்தில், மருமகன் பேரில் ஒரு மனமகிழ் மன்றத்தைத் திறந்தார். அதுவும் பொய்யில்லை.

போன மாதம் அங்கே ஜீப் வந்தது. பழைய கதைதான். காலை வேளை, பக்கவாட்டு ஜன்னல், இறங்குகிற ஷட்டர்கள். நான் தார்ப்பாயை விரித்துப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசியை நூல்கண்டில் குத்திவைத்துவிட்டு எழுந்தேன். நடந்து போய், "சாட்சி வேணுங்களா? வாரேனுங்க" என்றேன்.

மேஜைக்குப் பின்னால் நாய்க்கடி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். "என்ன தம்பி, பக்கத்துப் பக்கத்துல தொழில் பண்ணுனவங்க நாம" என்றார். மகஜரை வாங்கி முதல் எழுத்திலிருந்து படித்தேன். புது தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு விட்டுப்போச்சுங்க" என்றேன். "அந்த அலமாரி மேல செஸ் போர்டு இருக்குது பாருங்க. அதுல ராஜா இல்லை. அதை எழுதுங்க. அப்பறம், நடத்தறவருன்னு மருமகன் பேரைப் போட்டிருக்கீங்க. அவரு யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. மேஜைக்குப் பின்னால உக்காந்திருக்கறது நாய்க்கடி."

அந்தப் பேரை அவர் முகத்துக்கு நேராக நான் சொன்னது அன்றுதான். மனிதரின் கை மேஜைக்கு அடியில் போயிற்று.

ஜீப்போடு வந்திருந்த பழைய கிளார்க் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க அந்த நர்சம்மாவுக்கு என்ன வேணும்? சொந்தமா?"

"சொந்தமெல்லாம் இல்லைங்க" என்றேன். "அவங்க மேல கேஸ் போட்டப்ப, அவங்களுக்கு எதிராச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனுங்க. பேனாவைக் குடுங்க."